ஒரு டேப் தூரம்

போன வருஷம் குழிக்குக் குழி இரண்டடி விட்டேன்.
ஏழு குழி, குழிக்கு மூன்று விதை.
முளைத்த இருபத்தொன்றில்
ஒன்றைக்கூடக் கிள்ள மனசு வரவில்லை.
கார்த்திகைக்குள் கொல்லை முழுக்க இலை.
இலைக்குள் கையை விட்டால் இருட்டு,
இருட்டுக்குள் அசுவினி.
பொங்கலுக்கு அவரைக்காயைக்
கடையில்தான் வாங்கினேன்.

இந்த ஆடியில்
கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைக்
கழற்றாமலே கொல்லைக்குப் போனேன்.
அறுபது அங்குலம், ஐந்தடி.
நீடாமங்கலத்துப் பாதிப் பெண்களின்
தோளும் மார்பும் இடுப்பும் அறிந்த டேப்
வெண்ணாற்றுக் களிமண்ணில் மல்லாந்து கிடந்தது.
சைபர் ஒரு குழியில்,
அறுபது மறு குழியில்.
அளவெடுத்தால் மூச்சுக்கென்று
ஒரு விரல் தளர்ச்சி விடுவது என் வழக்கம்.
அவரைக்கு நான்கு விரல் விட்டேன்.
மூன்றே குழி.

குழிக்கொன்றாய்த் திடமானதை நிறுத்தி
மற்றதைக் கிள்ளினேன்.
பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும்.
தையல் பிரிக்கிற மாதிரிதான்,
இழுத்தால் துணி போய்விடும்.
கிள்ளிய ஆறும் உள்ளங்கையில்
கொஞ்ச நேரம் நிமிர்ந்தே இருந்தன.
பக்கிரிசாமியின் ஆடு பார்த்துக்கொண்டிருந்தது.
கொடுத்துவிட்டேன்.

பந்தல் வைரக்கண்ணுவின் பொறுப்பு.
கேபிள் டிவி நடத்திய காலத்துக் கருப்பு ஒயர்
பரணில் ஒன்பது சுருள்.
விற்கவும் மாட்டார்,
அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்.
"மூங்கில் கழி விக்கிற விலைக்கு..." என்றேன்
பொதுவாக, சுவரைப் பார்த்து.
மறுநாள் கொல்லையில் நான்கு இரும்புக் குழாய்,
குறுக்கும் நெடுக்கும் ஒயர்.
இரவு எட்டு மணி அழுகையைத்
தெருத்தெருவாய்ச் சுமந்த ஒயர்.
முடிச்சுகள் மட்டும் அன்றைக்குப் போட்டவை போலவே,
இழுக்க இழுக்க இறுகின.

கொடி ஏறவில்லை.
ஒரு சாண் போகும், வழுக்கும்,
தன்மேலேயே சுருண்டு உட்கார்ந்துகொள்ளும்.
பாபினில் நூல் சுற்றும் பழக்கத்தில்
எடுத்துச் சுற்றிவிட்டேன்.
காலையில் பார்த்தால் பிரிந்து
வேறு பக்கம் தலையைத் திருப்பியிருந்தது.
அதற்கென்று ஒரு சுற்று இருக்கிறது,
அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.
வேண்டியது பிடிமானம்.

மிஷினடிச் சாக்கைக் கவிழ்த்தேன்.
விரலகலக் கீற்றுகளாய்க் கிழித்து
ஒயர் நெடுகச் சுற்றினேன்.
கிளிப்பச்சை லைனிங்,
யாரோ ஓர் ஆட்டோக்காரரின் காக்கி,
நவநீதம் மகள் நிச்சயதார்த்தத்து வாடாமல்லி.
இரண்டே இரவு.
காக்கியைத் தாண்டி
வாடாமல்லிக்கு வந்துவிட்டது கொடி.

ஐப்பசியில் ஒரு குழாய் சாய்ந்தது.
களிமண் இளகினால்
இரும்பென்ன மூங்கிலென்ன.
அவர் நனைந்துகொண்டே முட்டுக் கொடுத்தார்.
நான் குடை பிடித்தேன்,
கொடிக்கு.

மார்கழியில் ரவிக்கை வாங்க வந்த நவநீதம்
கொத்துக் கொத்தாய்க் காய் தொங்குவதை விட்டு
ஒயரையே பார்த்தாள்.
"இது எந் துணியில்ல?"
"வெட்டு மிச்சம்."
"இவ்ளோ மிச்சமா? அப்ப கைய ஏன் குட்டையா வச்ச?"
பதிலுக்கு முந்தானை நிறையப் பறித்துப் போட்டேன்.
வாங்கிக்கொண்டாள்.
கூலியில் பத்து ரூபாயும் குறைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கொடி மட்டும்
சொல்பேச்சு கேட்காமல் மதிலைத் தாண்டி
ஜைனம்பு வீட்டு மாடிக் கம்பியைப் பிடித்துவிட்டது.
மூன்று மாத பாக்கிக்காக
கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று
இவர் இணைப்பை அறுத்த வீடு.
பன்னிரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.

"வெட்டிவிடவா?" என்றேன்.
அண்ணாந்து பார்த்தார்.
எத்தனை அடி என்று
மனசுக்குள் அளப்பது தெரிந்தது.
"நடுவுல தொய்யுது," என்றார்.
"அவங்க பக்கம் ஒரு கழி ஊனணும்."
சொல்லிவிட்டு,
அந்தக் கதவை யார் தட்டுவது என்பதுபோல்
என்னைப் பார்த்தார்.